பறவையின் முழங்கால் எங்கே இருக்கிறது?

தை மாதம் முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்புக்காகச் சொந்தங்கள் எல்லாரும் காரைக்குடி வீட்டில் கூடியிருந்தோம். மதியச் சாப்பாடு முடிந்து பெரியவர்கள் வளவில் சாய்ந்துவிட, பிள்ளைகளுக்குள் ஒரு வழக்கு கிளம்பியது. கரடிக்கும் நெருப்புக்கோழிக்கும் ஓட்டப்பந்தயம் வைத்தால் எது ஜெயிக்கும்? சண்டை வந்தால்? ஆளுக்கொரு கட்சி. கடைசியில் என் அண்ணன் மகன் தீர்ப்புச் சொல்வது போலச் சொன்னான்: "நெருப்புக்கோழிதான். அதுக்கு முழங்கால் பின்பக்கமா மடங்கும், அதனாலதான் அவ்வளவு வேகம்." படுத்திருந்த பெரியவர்களும் ஆமாம் என்றார்கள்.

நான் பள்ளியில் அறிவியல் சொல்லித் தருகிறவன். அந்த "ஆமாம்" எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பிலும் கல்யாண வீட்டுப் பேச்சிலும் இதைக் கேட்டிருக்கிறேன். எந்தப் பறவைக்கும் முழங்கால் பின்பக்கம் மடங்குவதில்லை. நாம் முழங்கால் என்று நினைத்துப் பார்ப்பது வேறு மூட்டு. அது எது என்று பிடிபட்டுவிட்டால், நெருப்புக்கோழியின் கால் ஏன் அப்படி, கரடியின் கால் ஏன் இப்படி என்பதும் கூடவே விளங்கிவிடும். "கரடி மந்தமானது, மெதுவாகத்தான் வரும்" என்று ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதையும் இதோடு சேர்த்துத் தீர்த்துவிடலாம். அந்த நம்பிக்கை உயிருக்கே ஆபத்தானது.

## கோழிக்காலிலிருந்து தொடங்கலாம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஒரு காலை மட்டும் துண்டு போடாமல் முழுசாகக் கேட்டு வாங்குங்கள். பலகையில் வைத்துப் பாருங்கள். மேலே சதைப்பிடிப்பான தொடைத் துண்டு. அடுத்து, எல்லாரும் போட்டி போடும் லெக் பீஸ். அதற்குக் கீழே சதையே இல்லாமல், செதில் மூடி, குச்சி மாதிரி ஒரு பகுதி, சூப்புக்குப் போடுவது. கடைசியில் விரல்கள்.

இப்போது உங்கள் காலை மேலிருந்து தடவிக்கொண்டே வாருங்கள். தொடை, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால், உள்ளங்கால், விரல். கோழிக்கும் இதே வரிசைதான், ஒன்று கூட மாறவில்லை. தொடைத் துண்டு நம் தொடை. லெக் பீஸ் நம் கெண்டைக்கால். மேலே பருத்து, கீழே வர வர ஒல்லியாகும் அந்த வடிவத்தை உங்கள் கெண்டைக்காலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சிரிப்பே வந்துவிடும். தொடையும் லெக் பீஸும் சேருகிற மூட்டுதான் கோழியின் முழங்கால். மடக்கிப் பாருங்கள். நம் முழங்கால் எப்படி முன்னால் துருத்திக்கொண்டு மடங்குகிறதோ, அப்படியேதான் மடங்கும். உயிருள்ள கோழியில் இந்த மூட்டு உடம்பை ஒட்டி, இறகுக்குள் புதைந்து கிடக்கிறது. அதனால் அது நம் கண்ணில் படுவதே இல்லை.

சரி, வெளியே தெரிகிற, பின்னால் துருத்தி நிற்கிற மூட்டு? அது லெக் பீஸும் செதில் காலும் சேருமிடம். வரிசைப்படி கெண்டைக்காலுக்கு அடுத்து வருவது கணுக்கால். ஆக, பறவையின் "பின்பக்க முழங்கால்" என்பது கணுக்கால். நம் குதிகாலும் பின்னால்தானே துருத்தியிருக்கிறது? அதே குதிகால்தான், தரையில் படாமல் உயரத்தில் நிற்கிறது.

அப்படியானால் அந்தச் செதில் குச்சி? அதுதான் உள்ளங்கால். நம் உள்ளங்காலுக்குள் விரலுக்கு ஒன்றாக ஐந்து நீள எலும்புகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பறவைக்கு அந்த எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கம்பாக நீண்டு, நிமிர்ந்து நின்றுவிட்டன. நெருப்புக்கோழியின் காலில் பாதி உயரத்துக்குத் தெரியும் அந்த மொட்டைக் கம்பு முழுக்க உள்ளங்கால் என்பதை முதல்முறை கேட்கும்போது நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் கஷ்டமில்லை.

இதுவரை பார்த்தது: பறவையின் முழங்கால் இறகுக்குள் ஒளிந்திருக்கிறது, நம்மைப் போலவே மடங்குகிறது. வெளியே பின்னால் மடங்குவது கணுக்கால். அதற்குக் கீழே இருப்பது நிமிர்ந்து நிற்கும் உள்ளங்கால்.

## ஈரக்கால் தடம்

குளித்துவிட்டு ஈரக்காலோடு ஆத்தங்குடிக் கல் தரையில் நடந்தால் அப்பத்தா திட்டும். பளபளவென்று இருக்கும் பூக்கல்லில் தடம் அச்சாக விழும் என்பதுதான் காரணம். அந்தத் தடத்தைப் பாருங்கள்: குதிகால், உள்ளங்காலின் வெளி ஓரம், விரல் நுனிகள், எல்லாம் இருக்கும். இப்படிப் பாதம் முழுவதையும் தரையில் பதித்து நடப்பதை உள்ளங்கால் நடை என்று சொல்லலாம்.

அதே தரையில் நாய் ஓடினால் விரல்களின் அச்சு மட்டும்தான். குதிகால் தரையைத் தொடாது. இது விரல் நடை. பூனையும் அப்படியே, பறவைகளும் அப்படியே. மாடு இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. விரல் நுனியில் இருக்கும் நகத்தின் மேலேயே நிற்கிறது. அந்த நகம்தான் குளம்பு. சிராவயல் மஞ்சுவிரட்டில் காளை பாயும்போது பின்காலில் பின்னோக்கித் துருத்துகிறதே ஒரு மூட்டு, அதையும் முழங்கால் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுவும் கணுக்கால்தான்.

கரடி எந்தப் பக்கம்? நம் பக்கம். அதை நான் முதலில் தெரிந்துகொண்டது எந்தப் புத்தகத்திலிருந்தும் இல்லை.

சின்ன வயதில் எங்கள் தெருவுக்குக் கரடி கொண்டுவந்தார்கள். பயந்த பிள்ளைகளுக்குக் கரடி முடி வைத்துத் தாயத்துக் கட்டுவார்கள். எனக்கும் கட்டினார்கள். ஆள் போன பிறகு தெருப் புழுதியில் பார்த்தால், ஏதோ ஒரு தடித்த மனிதர் வெறுங்காலோடு நடந்துபோன மாதிரி தடம். குதிகால் அகலம் தெரிகிறது, ஐந்து விரல் தெரிகிறது, விரலுக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நகத்தின் புள்ளிகள். அதன் மேல் என் காலை வைத்துப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. அந்தக் கரடியின் மூக்கில் துளையிட்டுக் கயிறு போட்டிருந்ததும் நினைவிருக்கிறது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை. கரடிக்கு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் இருக்கிறது. அப்படிக் கயிறு கட்டி இழுத்துத் திரிவது இன்றைக்குக் குற்றம். தாயத்துக்கு முடி பிடுங்குவதும் அப்படித்தான். இந்தக் காட்சி என் பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனதில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

## கண்மாய்ச் சேறும் கிரிக்கெட் மட்டையும்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். குதிகாலைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு, உள்ளங்காலைக் கம்பாக நிமிர்த்தி வைத்துக்கொள்வதில் பறவைக்கு என்ன லாபம்?

முதல் லாபம் நீளம். உள்ளங்கால் நிமிர்ந்துவிட்டால் காலின் நீளத்தில் அதுவும் சேர்ந்துகொள்கிறது. கால் நீண்டால் எட்டு நீளும். நீங்களே தெருவில் ஓடிப் பாருங்கள். மெதுவாக நடக்கும்போது குதிகால் ஊன்றும். முழு வேகம் எடுத்தவுடன் உங்களை அறியாமல் விரல்மேல் ஏறிவிடுவீர்கள். நாம் அவசரத்துக்குச் செய்வதை நெருப்புக்கோழி ஆயுள் முழுக்கச் செய்கிறது.

இரண்டாவது லாபம் எடை எங்கே இருக்கிறது என்பதில். கண்மாயில் தண்ணீர் வற்றி மீன் பிடிக்க இறங்கியவர்களுக்கு இது தெரியும். காலில் களிமண் அப்பிக்கொள்ளும். மொத்தமாகச் சேர்த்தால் ஒரு கிலோ கூட இருக்காது. ஆனால் நாலு எட்டு வைப்பதற்குள் தொடை நோகும். அதே ஒரு கிலோவை மடியில் கட்டிக்கொண்டு நடந்தால் தெரியவே தெரியாது. எடை ஒன்றுதான், அது இருக்கும் இடம் வேறு. இன்னொரு சோதனை: கிரிக்கெட் மட்டையைக் கைப்பிடியில் பிடித்து வீசுங்கள். பிறகு தலைகீழாக, அகலப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு வீசுங்கள். இரண்டாவது தடவை மட்டை விசுக்கென்று சுழலும். சுழற்றும் அச்சிலிருந்து எடை தள்ளிப் போகப் போகச் சுழற்றுவது கடினமாகும். கிட்டே வர வரச் சுலபமாகும். சுழற்சிக்கு ஒரு பொருள் காட்டும் இந்த எதிர்ப்பைப் பாடப்புத்தகத்தில் நிலைமத் திருப்புத்திறன் என்பார்கள். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, கண்மாய்ச் சேற்றை மறக்காதீர்கள்.

ஓடும்போது கால் இடுப்பிலிருந்து முன்னும் பின்னும் வீசப்படுகிறது. நெருப்புக்கோழியின் சதை எல்லாம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தொடையிலும் கெண்டைக்காலின் மேல் பகுதியிலும், உடம்பை ஒட்டி. கணுக்காலுக்குக் கீழே எலும்பு, தோல், நாண் மட்டும். விரல் கூட இரண்டே இரண்டு. உலகத்தில் இரண்டு விரலோடு நிற்கும் பறவை நெருப்புக்கோழி மட்டும்தான். ஈமுவுக்கு மூன்று. தலைகீழாகப் பிடித்த மட்டை மாதிரி, கனம் மேலே, நுனி லேசு.

அப்புறம் கதவு. செட்டிநாட்டு வீட்டின் முகப்புக் கதவைத் திறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விளிம்பில் கை வைத்துத் தள்ளினால் சின்னப் பிள்ளை கூடத் திறக்கலாம். கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள், தம் கட்ட வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கை நகர்ந்தது நாலு விரற்கடை, கதவின் விளிம்பு நகர்ந்தது நாலு முழம். பலத்தைக் கொடுத்துத் தூரத்தை வாங்கியிருக்கிறோம். இதுதான் நெம்புகோல் கணக்கு. நெருப்புக்கோழியின் தசை மூட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் இழுக்கிறது, நீண்ட காலின் நுனி வெகுதூரம் பாய்கிறது.

## வெள்ளைக் கயிறு

இதைச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்ன மாதிரி. அப்பத்தா கோழி சுத்தம் செய்யும்போது, வெட்டிய செதில் காலை எங்களிடம் கொடுக்கும். வெட்டிய இடத்தில் வெள்ளையாக, வழுவழுவென்று நாலைந்து நூல் தெரியும். ஒன்றைப் பிடித்து இழுத்தால் செத்த கோழியின் விரல்கள் மெல்ல மூடும். விட்டால் தளரும். தங்கச்சி அலறிக்கொண்டு ஓடுவாள், நாங்கள் துரத்துவோம்.

அந்த வெள்ளை நூல்தான் தசைநாண்: தசையை எலும்போடு கட்டும் கயிறு. தசை மேலே லெக் பீஸில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கயிற்றை இழுத்தே விரலை ஆட்டுகிறது. தசையைக் கீழே வைக்காமல் பறவையால் ஓட முடிவதன் ரகசியம் இதுதான்.

தசைநாணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது கொஞ்சம் நீளும், பிறகு சுருங்கும், கவட்டை ரப்பர் மாதிரி. ஓடும் பறவையின் கால் தரையில் ஊன்றும்போது உடம்பின் எடை கணுக்காலை அழுத்துகிறது, நாண் விறைத்து நீள்கிறது. அடுத்த நொடியில் அது சுண்டிச் சுருங்கி, சேர்த்து வைத்த விசையை உந்தலாகத் திருப்பிக் கொடுக்கிறது. ஒவ்வொரு எட்டுக்கும் தசை புதிதாக முழுச் செலவு செய்ய வேண்டியதில்லை. நம் குதிகாலுக்கு மேலே கைக்குத் தட்டுப்படும் தடித்த நாணும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் கணுக்காலுக்குக் கீழே அத்தனை நீளக் கயிறு ஓடும் நெருப்புக்கோழியிடம் இந்தச் சேமிப்பு நம்மைவிட மிக அதிகம்.

இதுவரை: நீண்ட கால், மேலே கனம், கீழே லேசு, நடுவில் சுண்டி இழுக்கும் நாண். நெருப்புக்கோழி மணிக்கு 70 கிலோமீட்டர் வரை ஓடுவது இந்தக் கூட்டணியால்தான். ஈமு 50 வரை போகும்.

ஈமு நமக்கு அந்நியமும் இல்லை. 2010-ஐ ஒட்டிய வருடங்களில் தமிழ்நாட்டில் ஈமுப் பண்ணைகள் பெருகின. 2012-இல் அந்தத் தொழில் படுத்து, பணம் போட்ட பலர் தெருவுக்கு வந்தார்கள். அப்போது ஒரு பண்ணையில் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஈமு உட்காரும் விதத்தைப் பார்த்தால் இந்தக் கட்டுரையே வேண்டாம்: முதலில் அந்தப் "பின்பக்க முழங்கால்" தரையில் ஊன்றுகிறது, செதில் கால் முழுவதும் தரையோடு தரையாகப் படிகிறது. நாம் குத்துக்காலிட்டு உட்காரும்போது குதிகாலும் பாதமும் படிவது போலவே.

## கரடியின் கணக்கு வேறு

தமிழ்நாட்டுக் காடுகளில் இருக்கும் கரடி ஒரே இனம்தான். பழந்தமிழில் எண்கு என்பார்கள். இந்தியா, இலங்கை, நேபாளம் போன்ற தெற்காசிய நாடுகளின் காடுகளில்தான் இன்று இதைப் பார்க்க முடியும். ஆண் கரடி 100 கிலோவைத் தாண்டும். ஆங்கிலத்தில் இதற்குச் "சோம்பல் கரடி" என்று பொருள்படப் பெயர் விழுந்ததற்கு ஒரு கதை உண்டு. 1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், இதன் நீண்ட நகங்களையும் முன்பல் குறைவதையும் பார்த்து, தென்னமெரிக்காவில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் ஸ்லாத் என்ற மந்த விலங்கின் உறவு என்று நினைத்துவிட்டார். கரடி என்று பிற்பாடு திருத்தினார்கள். சோம்பல் மட்டும் பெயரிலேயே தங்கிவிட்டது.

இந்தக் கரடிக்குப் பிரதான உணவு கறையானும் எறும்பும். கூடவே தேன், நாவல், இலந்தை, இலுப்பைப் பூ, கொன்றைக் காய். எங்கள் செம்மண் பூமியில் ஒரு கறையான் புற்றை உடைக்க முயன்றிருக்கிறீர்களா? வெயிலில் காய்ந்த புற்றில் மண்வெட்டி துள்ளும், கடப்பாரைதான் இறங்கும். கரடி அதை வெறும் கையால் உடைக்கிறது. உடைத்து, மண்ணை ஊதித் தள்ளி, மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு, உதட்டைக் குழாய் மாதிரிக் குவித்து உறிஞ்சுகிறது. மேல் முன்பல் இரண்டு இல்லாதது இதற்குத்தான். அந்த இடைவெளி வழியாகக் கறையான்கள் உள்ளே போகின்றன. உறிஞ்சும் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

இந்த வேலைக்கு நெருப்புக்கோழியின் கால் உதவாது. கதவுக் கணக்கை இப்போது திருப்பிப் போடுங்கள். கரடி விளிம்பில் கை வைத்துத் தள்ளுகிறது. கை குட்டை, எலும்பு தடிமன், தோளிலிருந்து மணிக்கட்டு வரை சதை. நுனி வெகுதூரம் பாயாது, ஆனால் பாயும் கொஞ்ச தூரத்தில் பலம் அதிகம். விரல் நுனியில் உள்ளிழுக்க முடியாத, சில அங்குல நீளமுள்ள நகங்கள். பாதம் முழுவதும் தரையில் பதிவதால் உடம்பு ஆடாமல் நிற்கிறது. கடப்பாரை போடும் ஆள் காலை அகட்டி, குதிகாலை ஊன்றி நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பின்காலில் நிமிர்ந்து நின்று சுற்றுமுற்றும் பார்க்க முடிவதும் அந்தப் பாதத்தால்தான்.

ஆனால் இதை வைத்துக் கரடி மெதுவானது என்று முடிவு கட்டக் கூடாது. நெருப்புக்கோழியோடு ஒப்பிட்டால்தான் அது மெது. அசைந்து அசைந்து நடப்பதைப் பார்த்து ஏமாறுகிறோம். மிரண்டால் நாலு கால் பாய்ச்சலில் மனிதனைச் சுலபமாக எட்டிப் பிடிக்கும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களுக்குள் கரடி வருவது வழக்கமாகிவிட்ட காலம் இது. சுற்றுலா போகிறவர்கள் "அது என்ன ஓடவா போகுது" என்று போன் எடுத்துக்கொண்டு கிட்டே போவதைக் கேள்விப்படும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. கரடியைக் கண்டால் கிட்டே போகாதீர்கள், அதற்கு வழி விட்டு மெதுவாக விலகுங்கள். குட்டியை முதுகில் சுமந்து வரும் தாய்க் கரடி என்றால் இரட்டிப்புக் கவனம்.

## அப்படியானால் எது ஜெயிக்கும்?

பிள்ளைகளுக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. திறந்த வெளியில் ஓட்டம் என்றால் நெருப்புக்கோழி, சந்தேகமே இல்லை. புற்றை உடைக்கிற போட்டி, மரம் ஏறுகிற போட்டி என்றால் கரடி. சண்டைக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. நெருப்புக்கோழியின் உதை முன்பக்கமாக வரும், பெரிய விரலின் நகத்தோடு வரும், லேசானதல்ல. ஆனால் எந்தப் பறவையும் ஓட இடமிருக்கும்போது கரடியிடம் நின்று மல்லுக்கட்டாது.

ஒன்று ஆப்பிரிக்காவில், ஒன்று நம் காட்டில். சந்திக்கவே வாய்ப்பில்லை என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் எனப் பல இடங்களில் நெருப்புக்கோழி முட்டை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. மகாராஷ்டிரத்தின் பட்ணேவில் கிடைத்த ஓட்டில் சுமார் 25,000 வருடத்துக்கு முன் மனிதர்கள் கோடு செதுக்கியிருக்கிறார்கள். ஆக ஒரு காலத்தில் நெருப்புக்கோழி இந்த மண்ணிலும் ஓடியிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டு முடித்த அண்ணன் மகன் எழுந்து வளவைச் சுற்றி நுனிக்காலில் நடந்தான். பிறகு குதிகாலைத் தொட்டுப் பார்த்தான். சாயங்காலம் ஊருணிப் பக்கம் போனோம். படித்துறைக்கு எதிரே தண்ணீரில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது, ஒரு காலைத் தூக்கி மடக்கி. அவன் என் கையை இழுத்தான்.

"சித்தப்பா, அது குதிகாலை மடக்கிக்கிட்டு நிக்குது."